பூஜையில் வைத்த டிஸ்க்

ஆயுத பூஜைதான் எனக்கு வருஷத்தில் நிம்மதியான நாள். கள்ளக்குறிச்சியில் நாலைந்து ஆஸ்பத்திரி, இரண்டு ஸ்கூல், ஒரு மில் என்று கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மற்ற நாளில் போன் ஓயாது. குளிக்கப் போனால் அடிக்கும், சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அடிக்கும். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் ஊரே மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, அதற்கும் லீவு விட்டுவிடும். எங்கள் வீட்டில் பூஜை கிடையாது. அதனால் நானும் வீட்டுக்காரரும் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவோம்.

அந்த வருஷமும் அப்படித்தான் போனோம். அருவியில் குளித்து, வெள்ளிமலையில் சாப்பிட்டு, திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் பை அவிழ்ந்து தொங்குகிறது என்று அவர் வண்டியை ஓரம் கட்டினார். காலையிலிருந்து செத்துக் கிடந்த போனுக்கு அந்த இடத்தில் எப்படியோ சிக்னல் வந்து, தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தது.

அங்கே முன்னால் டோக்கன் போடும் பெண். வடக்கனந்தல் பக்கத்து விவசாயக் குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, என்னைவிடச் சின்னவள். அக்கா அக்கா என்று உருகுவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழுகிற குரல்.

“எங்கக்கா போயிட்டீங்க? எத்தினி தடவ அடிக்கறது? சர்வர் வரமாட்டேங்குதுக்கா.”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னைக்கு யாருக்கு சர்வரு வேணும்? நாளைக்கு வந்து பாக்கறேன், வெய்யி போன.”

“வெச்சிடாதீங்கக்கா! தியேட்டர்ல ஒரு பொண்ணு படுத்துக்கினு இருக்குது. சர்வர் வந்தாதான் ஆபரேஷன் பண்ண முடியும்ங்கறாங்க.”

ஆபரேஷனுக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள், எனக்குக் கோபம் அப்படியே அடங்கிப்போனது. மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வந்திருக்கிறார்கள். குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது, உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பினால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு முன்னொரு தடவை வேறொரு ஆபரேஷன் நடந்திருக்கிறது. அப்போது மயக்கத்துக்குப் போட்ட மருந்துகளில் ஒன்று சேராமல், முகம் வீங்கி, மூச்சு நின்று, பிழைத்ததே பெரிய விஷயமாம். கூட வந்த அம்மா அதைச் சரியாகச் சொல்லிவிட்டாள். எந்த மருந்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கொடுத்த சீட்டெல்லாம் கூரை ஒழுகி நனைந்து போய்விட்டதாம். அப்போது மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வெளிநாட்டில் இருக்கிறார், போன் போகவில்லை. அந்த மருந்தின் பெயர் இருக்கிற ஒரே இடம் எங்கள் சர்வர்.

“டாக்டரு அரை மணி பாக்கறேன், அதுக்கு மேல தாங்காது, கடவுள் விட்ட வழின்னு ஆரம்பிச்சிடுவேன்னு சொல்லிட்டாருக்கா.”

 அங்கேயே மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், கையைக் காட்டி வாயை மூடச் சொன்னேன்.

“இப்ப சர்வர் ரூம்லதான் இருக்கியா? ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது?”

“கறுப்பா இருக்குதுக்கா. எழுத்தா ஓடிச்சி. பச்சையா ஓகே ஓகேன்னு வந்துக்கினே இருந்துச்சி. இப்ப கீழ ஒரு சிவப்புப் புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கினு நிக்குது. நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அதே கதிதான்.”

“இனிமே ஆஃப் பண்ணே, அங்க வந்து உன்ன அறைவேன்.”

“சரிக்கா.”

சர்வர் முழிக்கும்போது வேலைகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு வரும். எழுந்ததற்கெல்லாம் பச்சையில் ஓகே போடும். ஏதோ ஒன்று எழாவிட்டால் அதற்காகக் காத்து நிற்கும். அந்தச் சிவப்புப் புள்ளி ஆடுவது அதற்குத்தான். எதற்காக நிற்கிறது என்பதுதான் கேள்வி. என் மனசு போகாத இடமெல்லாம் போனது. டிஸ்க் செத்திருந்தால்? உள்ளே தண்ணீர் போயிருந்தால்?

“துடைக்கும்போது தண்ணி தெளிச்சீங்களாம்மா?”

“ஈரத் துணிதான்க்கா. நல்லா பிழிஞ்சிட்டுதான் துடைச்சேன்.”

“கடகடன்னு உள்ள சத்தம் வருதா?”

“இல்ல. ஃபேன் சத்தம்தான். அக்கா, இப்ப வேற வருது. எமர்ஜென்சின்னு போட்டிருக்குது. நமக்குத்தான் எமர்ஜென்சி, இதுக்கு இன்னா?”

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, முடியவில்லை, நீயே வந்து பார் என்று சர்வர் கைவிரிக்கிற இடம் அது. பாஸ்வேர்ட் கேட்கும். போட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். காற்று பேச்சை அடித்துக்கொண்டு போனது, பக்கத்தில் நாலு பையன்கள் வண்டியை நிறுத்தி ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள். அதனால் கத்திக் கத்திச் சொன்னேன். கல்வராயன் மலைக்கே அந்த பாஸ்வேர்ட் தெரிந்துபோனது. வீட்டுக்காரர் போய் அந்தப் பையன்களிடம் என்ன சொன்னாரோ, பாட்டு நின்றது.

“அடிக்கறேன், ஒண்ணுமே வரலக்கா.”

“வராது. கண்ணுக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு அடிச்சி என்டர் தட்டு.”

முதல் தடவை தப்பு என்றது. இரண்டாவது தடவை உள்ளே விட்டது. தகராறு செய்த வேலைகளை மட்டும் காட்டச் சொல்லி ஒரு வரி அடிக்க வைத்தேன். வந்ததை அவள் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தாள். “டைம்டு அவுட்... வெயிட்டிங் ஃபார் டிவைஸ்...” அது போதும் எனக்கு. அது ஒரு டிஸ்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

“பின்னாடி ஒயர்ல கறுப்பா சின்னதா ஒரு பெட்டி தொங்குமே, இருக்குதா பாரு.”

“அது இங்க இல்லக்கா.”

“இல்லையா? அப்போ எங்க?”

“சாமிகிட்ட இருக்குது.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரின் அம்மாதான் பூஜை செய்வார்கள். எல்லோரும் பெரியம்மா என்பார்கள். டாக்டர் ரூமில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்டெதஸ்கோப், பிரஷர் பார்க்கிற மெஷின், கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி வைப்பார்கள். சர்வரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

“நீங்கதானக்கா சொன்னீங்க, ஆஸ்பத்திரியோட உசுரே அதுலதான் இருக்குதுன்னு. அதான் பெரியம்மா அத்த நடுவுல வெக்கச் சொன்னாங்க.”

சிரிப்பதா அழுவதா? நான் சொன்னது வாஸ்தவம்தான். சர்வரில் இடம் போதவில்லை, பெரிய டிஸ்க் வாங்குங்கள் என்று நான் கரடியாகக் கத்தியும் பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனதால், பழைய நோயாளிகளின் விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குப் போயிருந்தது.

“அத்த எடுத்துக்கினு வந்து மாட்டு.”

“அய்யோ, இப்ப எடுக்கக் கூடாதுக்கா. நாளைக்கு விஜயதசமி. காலையில மறுபூஜை பண்ணிட்டுதான் கை வெக்கணும். பெரியம்மாவும் இல்ல, நைனார்பாளையத்துக்கு அவங்க தம்பி வூட்டுக்குப் போயிட்டாங்க.”

நான் மளமளவென்று யோசித்தேன். பழைய ஆபரேஷன் எப்போது என்று அந்த அம்மாவைக் கேட்கச் சொன்னேன். இரண்டு வருஷம் என்றாளாம். இரண்டு வருஷம் என்றால் சர்வருக்குள்ளேயே இருக்கும், பெட்டி தேவையில்லை. அதற்காகக் காத்திருக்காதே என்று சர்வரிடம் சொல்லிவிட்டால் போதும், அது பாட்டுக்கு எழுந்துவிடும். எந்தெந்த டிஸ்கை எங்கே மாட்டுவது என்று சர்வருக்கு எழுதி வைத்த சின்ன ஃபைல் ஒன்று உண்டு. அதைத் திறந்து, பெட்டிக்கான வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் அந்த வரியை அது கண்டுகொள்ளாது.

சொல்வது சுலபம். கண்ணால் பார்க்காமல் அந்த வரியைப் பிடிக்கிறது இருக்கிறதே, பெரிய பாடு.

“சாய்கோடு போடு.”

“எந்தப் பக்கம் சாயறதுக்கா? ரெண்டு இருக்குதே.”

“கேள்விக்குறி இருக்கற பட்டன்.”

“போட்டுட்டேன்.”

ஃபைல் திறந்தது. கடைசி வரியின் தலைக்குப் போகச் சொன்னேன். போனில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்தக் குறி என்றேன். அவள் நடுவில் போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். பின்னால் யாரோ ஒரு நர்ஸ் “ஆச்சா? ஆச்சா? டாக்டர் கேக்கறாரு” என்று கத்துவது எனக்குக் கேட்டது. என் போனில் சார்ஜ் கம்மியாகிச் சிவப்புக் கோடு காட்டியது.  சேமித்து, மறுபடி எழுப்பு என்று ஒரு சொல்லை அடிக்க வைத்தேன்.  அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

“பச்சை... பச்சை... புள்ளி ஆடலக்கா. அக்கா! லாகின் வந்துடுச்சி!”

ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பையன்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நோயாளிகள் பக்கத்தைத் திறந்து பெயரைப் போட்டுத் தேடினாள். அதே பெயரில் நிறைய பேர். ஊரை வைத்து வடிகட்டச் சொன்னேன்.

“இல்லக்கா.”

“நல்லா பாரு.”

“பாத்துட்டேன்க்கா. அந்த ஊர்ல இந்தப் பேரே இல்ல.” குரல் உடைந்தது. பக்கத்தில் அந்த அம்மாவை விசாரித்திருக்கிறாள் போலிருக்கிறது. “அக்கா, அந்தப் பொண்ணோட பெரிய பையன் பொறக்கறதுக்கு முன்னாடின்னு சொல்றாங்க. அந்தப் பையன் இப்ப ஸ்கூலுக்குப் போறானாம்.”

இரண்டு வருஷமாவது ஒன்றாவது. எனக்கே என் கல்யாணம் எந்த வருஷம் என்று சட்டென்று வராது. மகள் உள்ளே கிடக்கும்போது ஒருத்தி வருஷத்தை எண்ணிச் சொல்லவில்லை என்று குறை சொல்ல முடியுமா? அந்தப் பெண்ணின் விவரம் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி பூஜையில் இருக்கிறது.

“போய் எடுத்துக்கினு வா. வேற வழியில்ல.”

 லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

“இன்னாம்மா, காதுல விழுதா?”

“அக்கா...” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் வூட்டுக்குத் தூரம். காலையில பூஜைக்கே நான் உள்ள போகல. வாசல்ல நின்னுதான் பாத்தேன்.”

“வேற யாரையாவது எடுக்கச் சொல்லு.”

“நர்சுங்கல்லாம் தியேட்டர்ல. வாட்ச்மேனு அவரு வூட்டு பூஜைக்குப் போயிட்டாரு. வெளியாள அந்த ரூமுக்குள்ள வுட முடியாது. நான் மட்டுந்தாங்க்கா இருக்கேன். டாக்டருகிட்ட போயி இத்த எப்படிச் சொல்றது?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மலையே அதிரக் கத்தியிருப்பேன். இந்தக் காலத்தில் போய் இதெல்லாம் ஒரு காரணமா, ஒரு உயிர் போகிறது, உனக்குத் தீட்டு பெரிசா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. எனக்கென்ன, எனக்குச் சுலபம். அந்த ரூமுக்குள் போய்ப் பெட்டியை எடுக்க எனக்கு ஒரு நொடி யோசனை வேண்டாம். ஏனென்றால் அது என் சாமி இல்லை. அவளுக்கு அது அவள் சாமி. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நாளைக்கு ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால்கூட இதனால்தான் வந்தது என்று தன்னையே அடித்துக்கொள்வாள். தியேட்டர் கதவிலிருந்தே நர்ஸ் மறுபடி கத்தினாள், டாக்டர் ஆரம்பிக்கப் போறாராம் என்று.

“கேட்டியாம்மா?” என்றேன். 

“லைன்ல இருங்க.”

செருப்பு சரக் சரக்கென்று போகும் சத்தம். பிறகு செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும், ஒரு சத்தமும் இல்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை. அவள் அந்த வாசலில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போ, போ, போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார், தட்டிவிட்டேன். அப்புறம் பொரி மிதிபடும் சத்தம். ஏதோ ஒரு கிண்ணம் தட்டிவிழுந்து உருண்டது. செருப்பில்லாத கால் ஓடிவருகிற சத்தம்.

“மாட்டிட்டேன். லைட்டு எரியலக்கா.”

“ஒயர் போற ஓட்டையப் பாரு. சந்தனம் ஏதாவது போயிருக்குதா?”

“அய்யய்யோ, ஆமாக்கா. அடைச்சிக்கினு இருக்குது.”

நல்லவேளை, அது ஆஸ்பத்திரி. ஸ்பிரிட்டுக்கும் பஞ்சுக்கும் அலைய வேண்டியதில்லை. காது குடையற பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்டு, அழுத்தாமல், குத்தாமல் துடைக்கச் சொன்னேன். உள்ளே நாக்கு மாதிரி மெல்லிசாக ஒன்று இருக்கும், அது உடைந்தால் எல்லாம் போச்சு. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கை நடுங்கும். கொஞ்சம் காயவிட்டு மாட்டினாள்.

“எரியுதுக்கா! நீலமா எரியுது!”

போட்ட குறியை எடுக்க வைத்தேன். எல்லாவற்றையும் மாட்டு என்று ஒரு வரி அடிக்க வைத்தேன். ஒன்றும் திட்டாமல் சர்வர் அடுத்த வரிக்கு வந்துவிட்டது. பழைய வருஷங்களில் தேடச் சொன்னேன்.

“இருக்குது! அக்கா, இருக்குது! அவங்க பேரு, அவங்க ஊரு, ஆபரேஷன்... மருந்து சேரலன்னு தனியா போட்டிருக்காங்க, அது பேரு...”

என் போன் செத்தது.

அந்த மலையில் நான் போட்ட கூச்சல் எனக்கே வெட்கம். வீட்டுக்காரரின் போன் வேறு கம்பெனி, அதற்கு அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. ஓட்டுங்க, ஓட்டுங்க என்றேன். வளைவுக்கு வளைவு என் உயிர் போய் வந்தது. பெயர் கிடைத்தது, அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? அவள் நான் லைனில் வருவேன் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளா? இயேசப்பா, அந்தப் பெண்ணைப் பார்த்துக்கோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கீழே இறங்கி அவர் போனிலிருந்து அடித்தால் ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குள் ரோடெல்லாம் உடைத்துப்போட்ட திருஷ்டிப் பூசணி. வழுக்கும் என்று அவர் மெதுவாகப் போக, நான் முதுகில் குத்தினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே டோக்கன் போடுகிறவள் தன் நாற்காலியில் இருந்தாள். கையில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

“உள்ளதான் இருக்காங்க. இன்னும் முடியலக்கா,” என்றாள். 

இரண்டு பேரும் தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்து முதலில் வந்தவர் மயக்க மருந்து டாக்டர். வெளியூர்க்காரர், ஆபரேஷனுக்கு மட்டும் வருகிறவர். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வெளியே இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, நல்லா இருக்காங்கம்மா, பயப்படாதீங்க என்றார். அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

பிறகு எங்கள் பக்கம் வந்தார். மருந்தின் பெயர் இருந்த பேப்பரைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். நான் இவளைக் காட்டினேன்.

“கதவைத் தட்டலைங்க இவங்க, உதைச்சாங்க,” என்று என்னிடம் சொன்னார். “பொதுவா சேராமப் போறது ஒரு மருந்துதான். சரி, அதை விட்டுடலாம்னு வேற ஒண்ணை ஊசியில ஏத்தி கையில வெச்சிருந்தேன். பேப்பரை வாங்கிப் பாத்தா, அந்தப் பொண்ணுக்குச் சேராதது என் கையில இருந்ததுதான்.”

சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். நான் இவளைத் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள், முகம் வெளுத்துப்போயிருந்தது.

“அக்கா, நான் அந்த வாசல்லயே நின்னுக்கினு இருந்தேனேக்கா,” என்றாள். “இன்னும் கொஞ்சம் நேரம் நின்னிருந்தா?”

 பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.